நிரலில் உள்தள்ளலும் சுருள் அடைப்பும்: பாணியைத் தேர்ந்து நிலைக்க வைக்க ஒரு முழு வழிகாட்டி

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கருவிக்குள் ஓடும் சி நிரலை எழுதுபவர், கோலாலம்பூரில் வங்கிச் செயலிக்கு ஜாவா எழுதுபவர், படிவம் நான்கில் கணினி அறிவியல் எடுத்திருக்கும் மாணவர் ஆகிய மூவருக்கும் முதல் நாளே வரும் கேள்வி ஒன்றுதான். உள்தள்ளலுக்கு, அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடத்துக்கு, டேப்பா, ஸ்பேஸா? நிரலின் ஒரு பகுதியைத் திறந்து மூடும் சுருள் அடைப்பு அதே வரியிலா, அடுத்த வரியிலா? இதை வைத்து ஒரு மதிய உணவு வேளை முழுவதும் வாதாடலாம். ஆனால் இதில் பாதிக்கு மேல் உங்கள் நிரல்மொழியே முடிவு செய்து வைத்திருக்கிறது. மீதியில் பெரும்பகுதி ருசி. உண்மையிலேயே பிழையை வரவழைக்கிற, அல்லது தடுக்கிற முடிவுகள் மூன்று நான்குதான். நேரத்தை அவற்றில் செலவிடுங்கள்.

கீழுள்ள நிரல் துண்டுகளில் மொழியின் கட்டளைச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் மொழி எதை உங்களிடம் விட்டுவைத்திருக்கிறது?

முதலில் இதைப் பாருங்கள். கோ மொழியில் தேர்வே இல்லை. அதனுடன் வரும் கோஃபிம்ட் கருவி டேப் வைத்துத்தான் உள்தள்ளும். திறக்கும் அடைப்பை அடுத்த வரிக்குத் தள்ளினால் நிரல் தொகுக்கப்படவே (கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றப்படவே) படாது. கோ மொழி ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் பார்த்து, தேவைப்படும் இடத்தில் தானே அரைப்புள்ளி போட்டுக்கொள்கிறது. வரி மூடும் வளைவு அடைப்பில் முடிந்தால் அங்கே அரைப்புள்ளி விழுந்துவிடும். அடுத்த வரியில் வரும் சுருள் அடைப்பு அநாதையாகிவிடும். இது பிடிவாதமல்ல, இலக்கணம்.

பைதானில் அடைப்பே கிடையாது, உள்தள்ளல்தான் இலக்கணம். அதன் அதிகாரப்பூர்வ நடைக்குறிப்பான பெப் 8 சொல்வது 4 ஸ்பேஸ், வரிக்கு 79 எழுத்து. ஒரே கோப்பில் டேப்பையும் ஸ்பேஸையும் குழப்பமாகக் கலந்தால் பைதான் 3 டேப் பிழை என்று சொல்லி ஓட மறுக்கும். பைதானில் அடைப்புக்குறியை இறக்குமதி செய்யச் சொல்லி எதிர்கால நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள், ‘வாய்ப்பே இல்லை’ என்று பதில் வரும். அதை உருவாக்கியவர்களின் குறும்பு. தமிழிலேயே நிரல் எழுதும் நம் எழில் மொழி இன்னொரு வழியில் போகிறது: அதில் ஒரு பகுதியை மூட ‘முடி’ என்று எழுதினால் போதும்.

மற்ற மொழிகளில் சட்டம் இல்லாவிட்டாலும் ஊர் வழக்கம் உண்டு:

- ரஸ்ட்: 4 ஸ்பேஸ், அடைப்பு அதே வரியில், அகலம் 100. அதன் ரஸ்ட்ஃபிம்ட் கருவி பார்த்துக்கொள்ளும்.
- சி ஷார்ப்: 4 ஸ்பேஸ், அடைப்பு தனி வரியில்.
- ஜாவா: அடைப்பு அதே வரியில். பழைய சன் நிறுவன வழக்கம் 4 ஸ்பேஸ், கூகுள் நடையில் 2.
- பி.எச்.பி: பி.எஸ்.ஆர் 12 என்ற நடைக்குறிப்பின்படி 4 ஸ்பேஸ். வகுப்புக்கும் செயற்கூறுக்கும் (ஃபங்ஷன்) அடைப்பு அடுத்த வரியில், நிபந்தனைக்கும் சுற்றுக்கும் அதே வரியில்.
- ஜாவாஸ்கிரிப்ட்: பிரிட்டியர் கருவியின் இயல்பு 2 ஸ்பேஸ், 80 அகலம்.
- ரூபி: 2 ஸ்பேஸ்.

உங்கள் மொழி இந்தப் பட்டியலில் இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு நேராகப் படி 4-க்குப் போகலாம். ஊரோடு ஒத்து வாழ்வதில் இங்கே நட்டம் எதுவும் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்பவருக்குக் கற்பிக்க வேண்டியதும் குறையும். உண்மையான தேர்வு மிஞ்சியிருப்பது சி, சி++ எழுதுபவர்களுக்குத்தான். அடுத்த இரண்டு படிகளும் பெரும்பாலும் அவர்களுக்கானவை.

படி 2: அகலமும், டேப்–ஸ்பேஸ் வழக்கும்

அகலத்தைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். 80 எழுத்து வரியில் நான்கு நிலை உள்ளே போனால், 8 இட உள்தள்ளலில் எழுத 48 இடம் மிஞ்சும், 4 இடத்தில் 64, 2 இடத்தில் 72. லினக்ஸ் கருநிரலின் நடை வேண்டுமென்றே 8 இட டேப்பை வைத்திருக்கிறது. மூன்று நிலைக்கு மேல் உள்ளே போக வேண்டியிருந்தால் கோளாறு உள்தள்ளலில் இல்லை, நிரலில்தான் என்பது அவர்கள் வாதம். வகுப்புகள் இல்லாத சி மொழியில் அது செல்லும். ஜாவாவில் வகுப்பு, அதற்குள் செயற்கூறு, நிபந்தனை, சுற்று என்று சாதாரண நிரலே நான்கு நிலைக்குப் போய்விடும்; அங்கே 8 வைத்தால் வரிகள் வலப்பக்கச் சுவரில் முட்டி நிற்கும். சி ஷார்ப் 2021-இல் 10-ஆம் பதிப்பில், பெயர்வெளியை அடைப்பில்லாமல் ஒரே வரியில் அறிவிக்க வழி செய்தது. கோப்பு முழுவதும் ஒரு நிலை குறைகிறது. இன்னும் பயன்படுத்தாதவர்கள் பயன்படுத்தலாம்.

படிக்க எது எளிது என்று 1983-இல் மியாராவும் ஷ்னைடர்மன் உள்ளிட்ட அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து, கணினியியலாளர் சங்கமான ஏ.சி.எம்-இன் இதழில் முடிவை வெளியிட்டார்கள். 0, 2, 4, 6 இடங்களை ஒப்பிட்டதில் 2-க்கும் 4-க்கும் இடைப்பட்டதே நன்றாக வந்தது. 2-ஆ 4-ஆ என்று அதற்குமேல் அடித்துக்கொள்வதில் பொருளில்லை.

டேப்பா ஸ்பேஸா என்பதில் இரு பக்கமும் நியாயம் உண்டு. ஸ்பேஸ் எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். டேப் என்றால், படிப்பவர் அதைத் தம் கண்ணுக்கு ஏற்ற அகலத்தில் வைத்துக்கொள்ளலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர் எழுத்தைப் பெரிதாக்கும்போது டேப்பை 2 ஆகச் சுருக்கிக்கொள்வார். பிரெய்ல் திரையில் ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு கட்டத்தைப் பிடிக்கும். ஒரு டேப்புக்கு ஒரு கட்டம் போதும். குழுவில் அப்படி ஒருவர் இருந்தால், மொழி இடம் கொடுக்கும் பட்சத்தில் டேப் எடுங்கள். வாதம் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் ஸ்பேஸ்.

இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: டேப்பால் உள்தள்ளிவிட்டு, அதே டேப்பால் வரிக்கு வரி நேர்ப்படுத்துவது. உங்கள் திரையில் டேப் 4 இடம். சக ஊழியரின் டெர்மினலில் 8. உங்களிடம் தூண்போல நேராக நின்றது அவரிடம் படிக்கட்டாகிவிடும். நிலைக்கு டேப், நேர்ப்படுத்த ஸ்பேஸ் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் கையால் செய்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

மொழி கட்டாயப்படுத்தும் இடங்களும் உண்டு. நிரலைத் தொகுக்கும் படிகளைச் சொல்லும் மேக் கோப்பில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் போட்டால் பிரிப்பான் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் கோப்பில் நேர் எதிர், உள்தள்ளலில் டேப் கூடவே கூடாது. ஆகவே எந்தக் களஞ்சியத்திலும் (ஒரு திட்டத்தின் நிரல் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) ‘எல்லாம் ஸ்பேஸ்’ என்றோ ‘எல்லாம் டேப்’ என்றோ ஒரே விதி எழுதிவிட முடியாது.

படி 3: அடைப்பு எங்கே?

நடைமுறையில் தேர்வு இரண்டுதான். கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் சி மொழி பற்றி எழுதிய நூலின் நடையில், செயற்கூறின் அடைப்பு தனி வரியில் திறக்கும், மற்றவை அதே வரியில். எல்லாவற்றையும் அதே வரியில் வைப்பது இன்று ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் காணும் அதன் கிளை. பி.எஸ்.டி யுனிக்ஸில் வேலை செய்த, சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலை எழுதிய எரிக் ஆல்மன் பெயரில் வழங்குவது மற்றது: ஒவ்வொரு அடைப்பும் தனி வரியில். குனு திட்டத்தின் நடை அடைப்பையும் 2 இடம் உள்ளே தள்ளும். வைட்ஸ்மித்ஸ் நடை அடைப்பை உள்ளிருக்கும் வரிகளோடு சேர்த்துத் தள்ளும். அந்தத் திட்டங்களில் வேலை செய்தாலொழிய இவ்விரண்டும் உங்களுக்குத் தேவைப்படாது.

```
இஃப் (இருப்பு >= கட்டணம்) {
    கழி(கட்டணம்);
} எல்ஸ் {
    மறு();
}
```

```
இஃப் (இருப்பு >= கட்டணம்)
{
    கழி(கட்டணம்);
}
எல்ஸ்
{
    மறு();
}
```

சட்டகத்துக்கு மட்டும் முதலாவது 3 வரி, இரண்டாவது 6 வரி. மடிக்கணினித் திரையில் 40 வரிதான் தெரிகிறது என்றால், இரண்டாவது நடையில் இப்படி ஐந்து நிபந்தனைகள் கூடுதலாக 15 வரியை விழுங்கிவிடும். ஆல்மன் நடைக்கு ஈடாகக் கிடைப்பது என்ன? திறப்பும் மூடலும் ஒரே தூணில் நிற்பதால் ஜோடியைக் கண்ணாலேயே பிடிக்கலாம். சோதனைக்காக நிபந்தனை வரியை மட்டும் குறிப்பாக்கி மறைத்தாலும், எல்ஸ் இல்லாத பகுதி அப்படியே தொகுக்கப்படும். நிபந்தனை இரண்டு மூன்று வரிக்கு நீளும்போதும் அது எங்கே முடிகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

அந்தக் கடைசிப் பயனை அதே வரி நடையிலும் பெறலாம். கீழே இருப்பது தவறான வழி; நிபந்தனையின் இரண்டாம் வரியும் உடலின் முதல் வரியும் ஒரே தூணில் ஒட்டிக்கொள்கின்றன:

```
இஃப் (இருப்பு >= கட்டணம் &&
    அட்டை_செல்லும்) {
    கழி(கட்டணம்);
}
```

மூடும் வளைவு அடைப்பைத் தனி வரிக்கு இறக்கினால் சரியாகிவிடும்:

```
இஃப் (
    இருப்பு >= கட்டணம் &&
    அட்டை_செல்லும்
) {
    கழி(கட்டணம்);
}
```

ஜாவாஸ்கிரிப்டில் ஆல்மன் நடையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. காரணம் ருசியல்ல, இதுதான்:

```
ரிட்டர்ன்
{
    தொகை: 15
};
```

ஜாவாஸ்கிரிப்ட் முதல் வரியின் முடிவிலேயே அரைப்புள்ளி போட்டுக்கொள்ளும். செயற்கூறு வெறுங்கையோடு திரும்பும். பிழைச் செய்தியும் வராது. ஏனென்றால் கீழே மிஞ்சுவது சட்டப்படி சரியான ஒரு பகுதி: ‘தொகை’ ஒரு அடையாளச் சீட்டு, 15 ஒரு கோவை. இரண்டு புலங்கள் இருந்தால் இலக்கணப் பிழை என்று கத்தியிருக்கும். ஒரு புலம் மட்டும் இருக்கும்போது வாயே திறக்காது. பல மணிநேரம் தேட வைக்கும் பிழை இது.

படி 4: ஒற்றை வரிக்கும் அடைப்பு போடுங்கள்

மற்றதெல்லாம் உங்கள் விருப்பம். இதில் மட்டும் நாங்கள் வளைந்துகொடுப்பதில்லை. ஆப்பிள் 2014 பிப்ரவரியில் ஐ.ஓ.எஸ் 7.0.6 வெளியிட்டு அவசரமாகத் திருத்திய பாதுகாப்புப் பிழையின் அமைப்பு இப்படி:

```
இஃப் ((பிழை = சரிபார்(தரவு)) != 0)
    கோட்டூ தோல்வி;
    கோட்டூ தோல்வி;
இஃப் ((பிழை = இறுதிச்சோதனை()) != 0)
    கோட்டூ தோல்வி;
```

கோட்டூ என்பது பெயர் சொன்ன இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை. இரண்டாவது கோட்டூ நிபந்தனைக்குக் கட்டுப்பட்டதுபோல் தெரிகிறது. கட்டுப்பட்டதல்ல. எப்போதும் ஓடும். அப்போது ‘பிழை’யின் மதிப்பு சுழியம், ஆகவே பெயரில் ‘தோல்வி’ இருந்தாலும் செயற்கூறு வெற்றி என்று சொல்லித் திரும்பும். கையொப்பச் சோதனை நடக்கவே இல்லை. அடைப்பு இருந்திருந்தால், இரட்டித்த வரி அடைப்புக்குள் விழுந்து தீங்கின்றிக் கிடந்திருக்கும். வெளியே விழுந்திருந்தால் பார்த்தவுடனே உறுத்தியிருக்கும்.

சி நிரலைத் தொகுக்கும் ஜி.சி.சி கருவியின் 6-ஆம் பதிப்பிலிருந்து, ஏமாற்றும் உள்தள்ளலைச் சுட்டும் எச்சரிக்கை ‘வால்’ என்ற பொது எச்சரிக்கைத் தொகுப்பிலேயே சேர்ந்துவிட்டது. அதை இயக்குங்கள், எச்சரிக்கையைப் பிழையாகவே நடத்தச் சொல்லுங்கள். வாகனக் கருவிகளுக்கு நிரல் எழுதும் பினாங்கு குழுக்கள், பாதுகாப்பான சி நிரலுக்கான மிஸ்ரா விதிகளைப் பின்பற்றினால் தேர்வே இல்லை: மிஸ்ரா சி 2012-இன் விதி 15.6, நிபந்தனைக்கும் சுற்றுக்கும் உடல் எப்போதும் அடைப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது.

படி 5: நிரலுக்குள் தமிழ் இருந்தால்

மூன்று நான்கு மொழி பேசுவோர் கூடி வேலை செய்யும் கோலாலம்பூர் அலுவலகத்தில் குறிப்புகள் ஆங்கிலத்திலோ மலாயிலோதான் இருக்கும். ஆனாலும் பயணச்சீட்டு இயந்திரத்தின் திரைச்சொல், செயலியின் மொழிபெயர்ப்புக் கோப்பு என்று தமிழ்ச் சரங்கள் வந்தே தீரும். அங்கே அகலக் கணக்கு தடுமாறும்.

‘மலேசியா’ நமக்கு 4 எழுத்து. யூனிகோடில் 7 குறியீடுகள், ஏனென்றால் உயிர்க்குறிகள் தனி. யூ.டி.எஃப் 8 கோப்பில் 21 பைட். உங்கள் கருவி எதை எண்ணுகிறது என்பதைப் பொறுத்து ஒரே வரி 80-க்குள் இருக்கும், அல்லது தாண்டும். போதாக்குறைக்கு, நிரல் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகள் சம அகலம். தமிழ் பெரும்பாலும் வேறோர் எழுத்துருவிலிருந்து இரவல் வரும், ‘ணௌ’வுக்கும் ‘ர’வுக்கும் அகலம் ஒன்றாகாது.

எனவே, தமிழ்ச் சரத்துக்கு வலப்பக்கம் எதையும் தூணாக நேர்ப்படுத்தாதீர்கள். வரியின் வாலில் குறிப்பு எழுதாமல் மேல் வரியில் எழுதுங்கள். கோ மொழியில் இதைத் தவிர்க்க முடியாது. தமிழ்ச் சாவிகள் கொண்ட பட்டியலில் கோஃபிம்ட் ஒவ்வொரு குறியீட்டையும் ஓரிடமாக எண்ணி மதிப்புகளை வரிசைப்படுத்தும். திரையில் கோணலாகத்தான் தெரியும். கையால் திருத்தினாலும் அடுத்த சேமிப்பில் பழையபடி ஆகிவிடும். விட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்கு மட்டும் வரி நீளச் சோதனையை அணைத்துவிடுவது நல்லது.

படி 6: முடிவைக் கோப்பில் எழுதுங்கள்

வாய்ச்சொல்லாக நிற்கும் பாணி அடுத்த ஆள் சேரும் வரைதான். களஞ்சியத்தின் வேரில், அதாவது மேல்நிலைக் கோப்புறையில், எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்று வையுங்கள். பெரும்பாலான எடிட்டர்கள் அதைத் தாமாகவோ ஒரு செருகுநிரல் வழியாகவோ படிக்கும். அதில் வேண்டியவை: இதுவே வேர் என்ற வரி, எழுத்துக் குறியாக்கம் யூ.டி.எஃப் 8, வரி முடிவு, கடைசி வரிக்குப் பின் புதுவரி, வரி வால் வெற்றிடத்தை நீக்கல், உள்தள்ளலின் வகையும் அளவும். பிறகு விதிவிலக்குகள்: மேக் கோப்புக்கு டேப், யாமலுக்கு 2 ஸ்பேஸ். மார்க்டவுனுக்கு வால் வெற்றிட நீக்கத்தை அணையுங்கள், அதில் வரியின் கடைசியில் வரும் 2 ஸ்பேஸுக்கு வரி முறிப்பு என்று பொருள்.

இது எடிட்டருக்கு. அடைப்பின் இடத்தையும் வரி முறிப்பையும் ஒரு வடிவமைப்பான் பார்த்துக்கொள்ள வேண்டும்: பைதானுக்கு பிளாக் (அதன் இயல்பு அகலம் 88), ஜாவாஸ்கிரிப்டுக்குப் பிரிட்டியர், சி-க்கும் சி++-க்கும் கிளாங் ஃபார்மட். கிளாங் ஃபார்மட்டில் எல்.எல்.வி.எம், கூகுள், மைக்ரோசாஃப்ட், குனு போன்ற ஆயத்த நடைகளில் ஒன்றை அடிப்படையாக வைத்து, உள்தள்ளல் அகலம், டேப் பயன்பாடு, அடைப்புக்கு முன் முறிப்பு, வரி எல்லை ஆகிய நான்கை மட்டும் மாற்றுங்கள். நூறு அமைப்புகளையும் திருகத் தொடங்கினால் பழைய வாதம் வேறு வேடத்தில் திரும்பி வரும்.

கருவி நிரல் எழுதுவோருக்கு இரண்டு எச்சரிக்கை. எல்.எல்.வி.எம் நடை, தலைப்புக் கோப்புகளைச் சேர்க்கும் வரிகளை அகர வரிசைக்கு மாற்றிவிடும். ஒரு தலைப்பு இன்னொன்றுக்கு முன்னால் வந்தே ஆக வேண்டிய பழைய நிரல் அதோடு தொகுக்கப்படாமல் போகும், அந்த வரிசையாக்கத்தை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். சில்லு விற்பனையாளர் தந்த நிரலையும் கருவி தானே உருவாக்கிய நிரலையும் தொடாதீர்கள். அந்தக் கோப்புறையில் வடிவமைப்பை முடக்கும் தனி அமைப்புக் கோப்பு ஒன்றைப் போடுங்கள். இல்லாவிட்டால் விற்பனையாளர் அடுத்த பதிப்பு அனுப்பும்போது எது உண்மையான மாற்றம் என்றே தெரியாது.

வடிவமைப்பானின் பதிப்பு எண்ணையும் பூட்டிவிடுங்கள். ஒருவரிடம் ஒரு பதிப்பு, இன்னொருவரிடம் வேறு பதிப்பு என்றால் இருவரும் ஒருவர் வரியை மற்றவர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

படி 7: பழைய களஞ்சியத்தை மாற்றுவது

பாணியை மாற்றுவதில் பலர் கை சுட்டுக்கொள்ளும் இடம் இதுதான். வரிசை முக்கியம்.

1. மாற்றங்களை முதன்மை நிரலில் சேர்க்கக் கேட்டுத் திறந்திருக்கும் இணைப்புக் கோரிக்கைகளில் முடிக்க முடிந்ததை முடியுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் இதைத் தொடாதீர்கள்.
2. அமைப்புக் கோப்புகளை ஒரு கமிட்டாக (மாற்றங்களின் ஒரு பதிவாக) சேருங்கள்.
3. வடிவமைப்பானை எல்லாக் கோப்பிலும் ஓட்டி, அதை மட்டும் தனிக் கமிட்டாக்குங்கள். ‘கண்ணில் பட்டதே’ என்று ஒரு பிழையையும் சேர்த்துத் திருத்தினால், பத்தாயிரம் வரிக்குள் அதை யாரும் பார்க்கப்போவதில்லை.
4. பொருள் மாறவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பிளாக் தானே இலக்கண மரத்தை ஒப்பிட்டுப் பார்க்கும். சி நிரலில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும், பிழைத்திருத்தத் தகவல் இல்லாமல் தொகுத்துப் பொருட்கோப்புகளை ஒப்பிடலாம். வரி எண்ணைப் பதிக்கும் அசர்ட் போன்றவை இருக்கும் கோப்புகள் மட்டும் வேறுபடும்.
5. அந்தக் கமிட் முதன்மைக் கிளையில் சேர்ந்த பிறகு, அதன் 40 இலக்க அடையாளத்தைப் புறக்கணிப்புக் கோப்பில் எழுதி, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கிட் பிளேமுக்கு அந்தக் கோப்பைக் காட்டுங்கள். கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. இல்லையென்றால் எந்த வரியைக் கேட்டாலும், வடிவமைத்தவர் பெயர்தான் வரும். சேர்வதற்கு முன்பே எழுதிவைத்தால், கமிட்டுகளைப் பிழிந்து ஒன்றாக்கி இணைக்கும்போது அடையாளம் மாறிவிடும். கோப்பில் செத்த எண் மிஞ்சும்.
6. தானியங்கிச் சோதனையில் வடிவமைப்பானைச் சரிபார்ப்பு முறையில் ஓட விடுங்கள். அது திருத்த வேண்டாம், மீறல் இருந்தால் தடுத்தால் போதும்.

பாதியில் நிற்கும் கிளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் வடிவமைப்புக் கமிட்டுக்குச் சரியாக முந்தைய கமிட்டை உங்கள் கிளையில் இணைத்து, மோதல்களைத் தீருங்கள். பின் அமைப்புக் கோப்புகளும் வந்துவிட்ட அந்தக் கிளையில் அதே பதிப்பு வடிவமைப்பானை ஓட்டிக் கமிட் செய்யுங்கள். அடுத்து வடிவமைப்புக் கமிட்டை ‘நம்முடையதே’ என்ற உத்தியில் இணையுங்கள். இரு பக்கமும் ஏற்கெனவே ஒரே வடிவில் இருப்பதால் எதுவும் இழப்பாகாது. அதன்பின் முதன்மைக் கிளையை வழக்கம்போல இணைக்கலாம். இந்த வரிசையை விட்டு நேராக இணைத்தால், ஏறக்குறைய ஒவ்வொரு கோப்பிலும் மோதல் வரும்.

சில தொல்லைகள், அவற்றின் காரணங்கள்

வாட்ஸ்அப்பிலோ ஆவணக் கோப்பிலோ இருந்து ஒட்டிய பைதான் நிரல், பார்க்கச் சரியாக இருந்தும் ஓட மறுக்கிறதா? சாதாரண ஸ்பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் உடையா இடைவெளி வந்திருக்கும். எடிட்டரில் வெற்றிடத்தைக் காட்டும் வசதியை இயக்கி, எல்லாவற்றையும் தேடி மாற்றுங்கள்.

ஒரு வரியைத் திருத்தினால் கோப்பு முழுவதும் மாறியதாகக் கிட் காட்டுகிறதா? பெரும்பாலும் உள்தள்ளல் காரணமல்ல, வரி முடிவுதான். விண்டோஸ் இரண்டு எழுத்தாலும் லினக்ஸ் ஓரெழுத்தாலும் வரியை முடிக்கும். கிட் பண்புக் கோப்பில் உரைக் கோப்புகளைத் தானாகவே சமன்செய்யச் சொல்லி ஒரு வரி சேர்த்து, ஒருமுறை எல்லாவற்றையும் மறுசமன் செய்யுங்கள்.

வேறுபாட்டுக் காட்சியில் மட்டும் சில வரிகள் கோணுகின்றனவா? அங்கே ஒவ்வொரு வரிக்கும் முன் ஒரு குறி சேர்கிறது. ஸ்பேஸில் தொடங்கும் வரி ஓரிடம் தள்ளிப்போகும். டேப்பில் தொடங்கும் வரி அடுத்த டேப் நிலை வரை அதை விழுங்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். கோப்பில் இரண்டும் கலந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.